கையால் சுற்றும் தகடு மிஷினுக்குக் கியர்: உருளையிலிருந்து தொடங்குங்கள்

இரண்டு உருளைகளுக்கு நடுவே வெள்ளியை நசுக்கித் தகடாக்கும் கை மிஷினைச் செய்ய, பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் வீட்டோடு சேர்ந்த வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "60 மி.மீ. விட்டமுள்ள, கடினப்படுத்திய இரண்டு உருளைகள் கையில் இருக்கின்றன. 30 மி.மீ. அகல வெள்ளிப் பட்டையை 5 மி.மீ. கனத்திலிருந்து 1 மி.மீ. வரை இறக்க வேண்டும். மோட்டார் வேண்டாம், நானும் அம்மாவும்தான் சுற்றுவோம். கியர் விகிதம் எவ்வளவு வைக்கலாம்? எந்தக் கியரை வாங்குவது?"

விகிதத்தைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பீன்யா தொழிற்பேட்டையில் கியர் வரைபடங்களோடே என் வேலைக்காலம் கழிந்திருக்கிறது. கை மிஷின் செய்ய வருகிறவர்கள் எஸ்.பி. ரோட்டில் கிடைத்த ஒரு பெரிய கியரையும் ஒரு சின்னக் கியரையும் வாங்கிக்கொண்டு, பிறகுதான் சட்டம் கட்ட உட்காருகிறார்கள். அந்த வரிசை தலைகீழானது. உருளை இடுக்கில் எவ்வளவு விசை பிறக்கிறது, அதில் எவ்வளவு வீணாகிறது, இடைவெளி கூடிக் குறையும்போது பற்கள் என்ன ஆகின்றன என்ற மூன்றுக்கும் விடை கிடைத்தபின் விகிதம் தானாக வந்து நிற்கும். ஆகவே இடுக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு முறை உள்ளே விடும்போது கனத்தில் 0.1 மி.மீ. குறைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உருளையும் பட்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் நீளம், உருளையின் ஆரத்தையும் கனக் குறைவையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும்: 30 × 0.1 = 3; அதன் வர்க்கமூலம் 1.73 மி.மீ. பட்டையின் அகலம் 30 மி.மீ. ஓரளவு இறுகிப்போன வெள்ளியை நசுக்க, உராய்வையும் சேர்த்து, ஒரு சதுர மி.மீட்டருக்கு 230 நியூட்டன் என்று எடுத்துக்கொள்கிறேன். மூன்றையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 12,000 நியூட்டன். அதாவது 1,200 கிலோ எடை உங்கள் இரண்டு உருளைகளையும் பிளக்கப் பார்க்கிறது. இரண்டு விரல் அகலப் பட்டைக்கே இவ்வளவு என்றால் பலரும் நம்பமாட்டார்கள். ஆனால் பக்கச் சட்டங்கள் ஏன் அவ்வளவு தடியாக இருக்கின்றன என்பதற்கு இதுதான் காரணம். நகரத்பேட்டையில் ஏதாவதொரு பழைய பட்டறை மிஷினைப் பக்கத்தில் நின்று பாருங்கள், புரியும்.

இந்த விசை தொடு நீளத்தின் நடுவில் செயல்படுவதாகக் கொண்டால் ஒரு உருளைக்கு ஏறத்தாழ 10.5 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 21. வெள்ளியை மெலிதாக்க உண்மையில் செலவாவது இவ்வளவுதான்.

இனி வருவதைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்த 12,000 நியூட்டனும் உருளையின் இரு முனைக் கழுத்துகள் வழியாக, அவற்றைத் தாங்கும் உலோக வளையங்களான புஷ்களில் போய் உட்காருகிறது. கழுத்து விட்டம் 35 மி.மீ., வெண்கலப் புஷ், கிரீஸ், மெதுவான சுழற்சி என்றால் உராய்வுக் குணகம் 0.1 என்று எடுப்பதே நியாயம். 12,000 × 0.1 × 0.0175 மீட்டர் = 21 நியூட்டன் மீட்டர். அது ஒரு உருளைக்கு. இரண்டு உருளைகளுக்கும் 42. நீங்கள் சுற்றும் உழைப்பில் மூன்றில் இரண்டு பங்கு வெள்ளிக்குப் போகவில்லை, புஷ்ஷைச் சூடாக்கப் போகிறது. மொத்தம் 63 நியூட்டன் மீட்டர்.

புஷ்களை எடுத்துவிட்டு ஊசி பேரிங் போட்டால் அந்த 42 கிட்டத்தட்ட மறைந்துவிடும். மொத்தம் 25க்குள் நிற்கும். ஒரு முழுக் கியர் அடுக்கு தரும் உதவிக்கு அருகில் வரும் பலன் இது, அதுவும் வேகத்தை இழக்காமல். ஆனால் ஊசி பேரிங்குக்குக் கழுத்தை 58 ராக்வெல் 'சி' என்ற கடினத்தன்மை அளவுக்குக் கடினப்படுத்தி அரைக்க வேண்டும், இல்லையென்றால் உள்வளையத்தோடு வாங்க வேண்டும். பாலிஷ் தூசியும் காய்ச்சிய தகட்டின் பொருக்கும் பறக்கும் இடத்தில் நல்ல சீலும் வேண்டும். உங்கள் 30 மி.மீ. அகலத்துக்கு வெண்கலப் புஷ்ஷே போதும் என்பது என் கருத்து. எண்ணெய்க் காடி வெட்டி, மேலே எண்ணெய்க் கிண்ணம் வைத்து, தினமும் எண்ணெய் விடுங்கள். நாளை 100 மி.மீ. அகலத்துக்குப் போவதானால் ஊசி பேரிங்கைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

இனி சுற்றும் கை. உடல்நலமுள்ள ஒருவர் தொடர்ந்து கொடுக்கக்கூடிய திறன் ஏறத்தாழ 75 வாட். கைப்பிடி வசதியாகச் சுழலும் வேகம் நிமிடத்துக்கு 40 சுற்று. விகிதம் 4 (கைப்பிடி நான்கு சுற்றினால் உருளை ஒரு சுற்று) என்று வைத்து, கியரில் பத்தில் ஒரு பங்கு வீணாவதாகக் கொண்டால் கைப்பிடித் தண்டில் 63 ÷ 4 ÷ 0.9 = 17.5 நியூட்டன் மீட்டர். 40 சுற்று வேகத்தில் இது 73 வாட். கைப்பிடியின் ஆரம் 300 மி.மீ. என்றால் கையில் வரும் விசை 58 நியூட்டன், அதாவது 6 கிலோ. உங்கள் அம்மாவும் சுற்றப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனவே இந்த 6 கிலோவைத்தான் எல்லையாக வைக்க வேண்டும். பட்டறையில் பலசாலி யார் என்று பார்த்து விகிதம் வைப்பது தவறு. நாள் முழுக்க யார் சுற்றுவார்கள் என்று பார்த்து வைக்க வேண்டும்.

அப்படியானால் 16 வைத்துவிடலாமே, இன்னும் இலகுவாக இருக்குமே என்று தோன்றும். 60 மி.மீ. நீளமுள்ள 5 மி.மீ. கனக் கட்டி, 1 மி.மீட்டருக்கு இறங்கும்போது 300 மி.மீ. நீளமாகிவிடும். ஒவ்வொரு முறையும் 0.1 மி.மீ. குறைத்துக்கொண்டே போனால் உருளை வழியாக ஓடும் மொத்த நீளம் ஏறத்தாழ 5 மீட்டர். உங்கள் உருளையின் சுற்றளவு 188 மி.மீ.; விகிதம் 4 என்றால் ஒரு சுற்றுக்கு 47 மி.மீ. நகரும், ஆக 105 சுற்று போதும். 16 என்றால் 420 சுற்று. 40 வேகத்தில் முதலாவது மூன்று நிமிடத்துக்குள் முடியும், இரண்டாவது பத்து நிமிடத்தைத் தாண்டும். இடைவெளி திருகும் நேரமும் காய்ச்சும் நேரமும் தனி. தோள்பட்டைக்கு விசை மட்டும் வலி தருவதில்லை, எண்ணிக்கையும் தரும். 4க்கும் 5க்கும் நடுவில் நில்லுங்கள்.

விகிதத்தைக் கூட்டி ஒரே முறையில் அதிகம் நசுக்கிவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். உராய்வு 0.1 ஆக இருக்கும் 60 மி.மீ. உருளை, ஒரு முறைக்கு 0.3 மி.மீட்டருக்கு மேல் பட்டையை உள்ளே இழுத்துக்கொள்ளாது. எத்தனை கியர் வைத்தாலும் உருளை வழுக்கிக்கொண்டு சுற்றும். அதுபோலவே, பட்டை இறுகிவிட்டால் காய்ச்சித்தான் ஆக வேண்டும். கனம் பாதியாகக் குறைந்ததும் மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சிவிட்டு மறுபடி உருட்டுங்கள். காய்ச்சாத வெள்ளியைக் கியரின் பலத்தால் வெல்லப் பார்ப்பவர்களுக்கு ஓரம் வெடித்த தகடுதான் மிஞ்சும்.

திருகு போன்ற தண்டு பல்சக்கரத்தைச் சுற்றும் வார்ம் கியர் போடலாமா என்று கேட்பீர்கள், பலரும் கேட்கிறார்கள். சின்ன இடத்தில் பெரிய விகிதம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் கை வேகத்தில் சாதாரண வார்ம் கியர் உங்கள் உழைப்பில் பாதியைத் தின்றுவிடும். தூக்குவதற்கு நல்லது, உருட்டுவதற்கு வேண்டாம். கனமான ஃப்ளைவீலும் அப்படித்தான். கரும்புச் சாறு வண்டியில் பெரிய சக்கரத்தைப் பார்த்துவிட்டு அதுபோல வைக்க நினைப்பார்கள். 250 மி.மீ. ஆரத்தில் 10 கிலோ விளிம்புள்ள சக்கரம் 40 சுற்று வேகத்தில் சேர்த்துவைப்பது 5.5 ஜூல், உங்களுக்கு ஒரு சுற்றுக்குத் தேவைப்படுவது 110 ஜூல். பெரிய சக்கரம் பிடித்துச் சுற்ற வசதியாக இருக்கும், அதற்காக வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றல் சேமிக்கும் என்று நம்பி எடையைக் கூட்டாதீர்கள்.

இப்போது இந்த மிஷினின் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். மற்ற கியர் பெட்டிகளில் இரண்டு தண்டுகளின் மைய தூரம் நிலையானது. இங்கே மேல் உருளை ஏறி இறங்கும். இரண்டு உருளைகளும் எதிரெதிர்த் திசையில் ஒரே வேகத்தில் சுற்ற, அவற்றின் முனைகளில் ஒரே அளவுள்ள இரண்டு கியர்களை நேரடியாகக் கோத்துவிடுவதே எளிய வழி. உருளை 60 மி.மீ. என்பதால் பிட்ச் விட்டமும் (பற்கள் ஒன்றோடொன்று கோக்கும் வட்டத்தின் விட்டம்) 60: மாட்யூல், அதாவது அந்த விட்டத்தைப் பல் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் பல் அளவு, 3; பற்கள் 20. உருளைகள் ஒட்டியிருக்கும்போது எல்லாம் சரியாக ஓடும். இடைவெளியைத் திறக்கத் திறக்கப் பற்கள் ஒன்றிலிருந்து ஒன்று வெளியே வரும்.

இன்வால்யூட் பல்லுக்கு, அதாவது கியர்களில் வழக்கமாக வெட்டும் வளைவுப் பல்லுக்கு, ஒரு நல்ல குணம் உண்டு: மைய தூரம் மாறினாலும் வேக விகிதம் மாறாது. இந்தக் குணத்தை நம்பித்தான் உலகம் முழுக்கக் கை உருளை மிஷின்கள் நேரடிக் கியரோடு ஓடுகின்றன. ஆனால் அந்த நம்பிக்கைக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஒரு ஜோடிப் பல் பிரியும் முன் அடுத்த ஜோடி தொட்டுவிட வேண்டும். 20 டிகிரி அழுத்தக் கோணத்தில் (பல் பல்லைத் தள்ளும் சாய்வு), மாட்யூல் 3, 20 பல் ஜோடிக்கு நான் கணக்கிட்டால், இடைவெளி 1.8 மி.மீட்டரைத் தாண்டும்போதே அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. மாட்யூல் 4, 15 பல் என்று பல்லைப் பெரிதாக்கினாலும் 2.1 மி.மீ. வரைதான் போகலாம். அதற்கு மேல் திறந்தால் ஒரு பல் விட்டு, மறு பல் பிடிக்கும் வரை மேல் உருளைக்குக் கியர் வழியாக விசை வராது. பிறகு தட்டிக்கொண்டு பிடிக்கும். ஆட்டமும் கூடும்: 2 மி.மீ. திறந்தாலே பற்களுக்கு நடுவில் ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. வெற்றிடம். பட்டை உள்ளே நுழையும் கணத்தில் ஒரு உருளை முந்தி, மற்றது பிந்தி, தகட்டின் மேல் குறுக்கே கோடு விழும். தகட்டில் கோடு விழுந்தால் உருளையைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் கியரில் இருக்கும்.

உங்களுக்கு 5 மி.மீ. திறக்க வேண்டும். எனவே நேரடி ஜோடி உதவாது. பழைய மிஷின்களில் இதற்கென்றே குறைந்த எண்ணிக்கையில் நீளமான, தடித்த பற்கள் கொண்ட நட்சத்திரம் போன்ற கியர்களைப் பார்த்திருப்பீர்கள். கை வேகத்துக்கு அவை பிழைத்துக்கொள்ளும். ஆனால் அவற்றுக்குத் தனிக் கட்டர் வேண்டும். ஒரே ஒரு மிஷினுக்காக அதைச் செய்வது பணவிரயம். கீழ் உருளையை மட்டும் ஓட்டி, மேல் உருளையைப் பட்டையின் உராய்வே இழுக்கட்டும் என்று விடுவதும் ஒரு வழி. மெல்லிய தகட்டுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். 5 மி.மீ. கட்டியை முதன்முதலில் நுழைக்கும்போதுதான் கைவிட்டுவிடும். இழுக்கும் விசையில் பாதி இல்லாமல் போகிறதே.

நான் சொல்வது நான்கு கியர் வழி. கீழ் உருளையில் ஒன்று, மேல் உருளையில் ஒன்று, அவற்றை இணைக்க நடுவில் இரண்டு. நடுவில் ஒன்றே ஒன்று வைத்தால் இரண்டு உருளைகளும் ஒரே திசையில் சுற்றும், பட்டை நுழையவே நுழையாது. இரண்டு வைத்தால்தான் எதிர்த்திசை கிடைக்கும். முதல் இடைக் கியரின் முளையைச் சட்டத்தில் நிரந்தரமாக ஊன்றுங்கள், அது கீழ் உருளைக் கியரோடு எப்போதும் கோத்திருக்கும். இரண்டாவது இடைக் கியர் மிதக்கும்: ஒரு இணைப்புத் தகடு அதை முதல் இடைக் கியரின் முளையோடு கட்டிவைக்கும், இன்னொன்று மேல் உருளையின் அச்சோடு கட்டிவைக்கும். மேல் உருளை எவ்வளவு ஏறினாலும் இந்தத் தகடுகள் மடங்கி விரியுமே தவிர, எந்த இரண்டு கியருக்கும் நடுவில் மைய தூரம் மாறாது. ஆட்டம் கூடாது, தொடர்ச்சி அறாது. இடைவெளி மாறும்போது மேல் உருளை கீழ் உருளையைப் பார்க்கச் சற்றே திரும்பும். வழவழப்பான உருளைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பூ வேலை வெட்டிய ஜோடி உருளை போட்டால் மட்டும், ஒவ்வொரு முறையும் இரண்டு பக்க வடிவத்தையும் பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கும்.

இதில் ஒரு கவனம் தேவை. உருளை முனைக் கியர்கள் இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. அவற்றுக்கு 17 பல், மாட்யூல் 3 வையுங்கள்: வெளி விட்டம் 57 மி.மீ., உருளைகள் முழுக்க மூடினாலும் 3 மி.மீ. இடம் மிஞ்சும். 17 பல்லுக்குக் கீழே போனால் 20 டிகிரி பல்லின் அடி அரிக்கப்பட்டு மெலியும் என்பதும் இந்த எண்ணுக்கு இன்னொரு காரணம். இடைக் கியர்கள் 24 பல்.

பலத்தை எந்த விசைக்குக் கணக்கிடுவது? 6 கிலோவுக்கு அல்ல. பட்டை பாதியில் நின்றுவிட்டால் மனிதர் என்ன செய்வார்? கைப்பிடி மேல் உடம்பைச் சாய்ப்பார். அப்போது விழும் 40 கிலோவுக்குத்தான் பல் தாங்க வேண்டும். 400 நியூட்டன், 300 மி.மீ. ஆரம்: கைப்பிடித் தண்டில் 120 நியூட்டன் மீட்டர், கீழ் உருளையை ஓட்டும் பெரிய கியரில் 480. கைப்பிடித் தண்டிலுள்ள சின்னக் கியர் (பினியன்) 16 பல், பெரிய கியர் 64 பல், மாட்யூல் 3, முக அகலம் 30 மி.மீ. என்றால் பல்லில் வரும் விசை 5,000 நியூட்டன். பல்லடியின் வலிமையைக் கணக்கிடும் லூயிஸ் சூத்திரப்படி பினியன் பல்லடியில் அழுத்தம் சதுர மி.மீட்டருக்கு ஏறத்தாழ 188 நியூட்டன். ஈஎன்8 என்ற நடுத்தரக் கரிம எஃகு இதைத் தாங்கும். பினியனில் 16 பல் என்பது நான் சொன்ன 17ஐ விட ஒன்று குறைவுதான். இந்த வேகத்தில் அந்தச் சிறு அரிப்பு பொருட்டல்ல, முழு எண் விகிதம் கிடைக்கிறது. மாட்யூல் 2.5, அகலம் 25 என்று சிக்கனம் பார்த்தால் அழுத்தம் 320ஐத் தாண்டும். சாதாரண ஈஎன்8 வளைந்துவிடும். வார்ப்பிரும்புக் கியர் மலிவாகக் கிடைக்கும். இந்த அளவில் அதை நம்பாதீர்கள்.

ஆனால் உடைவது பெரும்பாலும் பெரிய கியர் அல்ல, உருளை முனைக் கியர். 480இல் பாதி, 240 நியூட்டன் மீட்டர், மேல் உருளைக்கு அந்தச் சின்ன 17 பல் கியர் வழியாகத்தான் போகிறது. அதன் ஆரம் 25.5 மி.மீ. மட்டுமே, பல்லில் 9,400 நியூட்டன்! 30 மி.மீ. அகலத்தில் அழுத்தம் 345. எனவே இந்த நான்கு கியர்களுக்கும் முக அகலம் 40 மி.மீ., பொருள் பதப்படுத்திய ஈஎன்24 (அதைவிட வலுவான கலப்பு எஃகு) என்று எழுதுங்கள். இடைக் கியர் முளைகளை ஒரு பக்கம் மட்டும் ஊன்றித் தொங்கவிடாதீர்கள், இரண்டு பக்கமும் தாங்கல் வேண்டும். பினியனைத் தண்டோடு ஒரே துண்டில் கடைந்துவிட்டால் கியரைத் தண்டோடு பூட்டும் ஆப்புக்கு (கீ) காடி வெட்டும் தொல்லையே இல்லை. தனியாகச் செய்தால் தண்டை 22 மி.மீட்டருக்கு மேல் பெரிதாக்காதீர்கள். கீ காடிக்கும் பல்லடிக்கும் நடுவில் சதை குறைந்துவிடும்.

எல்லாக் கியர்களும் மாட்யூல் 3 என்று நான் பிடிவாதமாக வைத்ததற்குக் காரணம் பீன்யா. திருகு வடிவக் கருவியால் (ஹாப்) பல் வெட்டும் ஹாபிங்கில் ஒரு மாட்யூலுக்கு ஒரே ஹாப், பல் எத்தனை என்றாலும் அதே கருவி. 16, 17, 24, 64 எல்லாவற்றையும் ஒரே மிஷினில், ஒரே ஹாப்பில் வெட்டித் தருவார்கள். மில்லிங்கில் வெட்டினால் பல்லெண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டர் மாற வேண்டும், பல் வடிவமும் தோராயம்தான். ஜாலி மொஹல்லா பழைய இரும்புக் கடைகளில் கியர் தேடுவதானால் பெரிய கியரை மட்டும் தேடுங்கள். வெளி விட்டத்தை அளந்து, பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி வகுத்தால் மாட்யூல் தெரியும்: 198 ÷ 66 = 3. 2.5, 3 போன்ற வழக்கமான மாட்யூல் எண்ணாக வராவிட்டால் அது அங்குல அளவில் வெட்டியதாகவோ திருத்திய பல்லாகவோ இருக்கும். விலை எவ்வளவு குறைந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.

கைப்பிடியைப் பற்றி இரண்டு சொல். அதன் தண்டு தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். பிடி தனியாகச் சுழலும் உறையோடு இருக்கட்டும். கம்பியில் செய்யாமல் பட்டையான இரும்பில் செய்யுங்கள், சிறிது வளைத்தும் விடுங்கள். நேர்க் கம்பியாக இருந்தால் யாராவது ஒரு நாள் குழாய் மாட்டி நீளத்தைக் கூட்டுவார்கள். அப்போது மேலே போட்ட கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். உடைந்து காப்பாற்றும் முள்ளைக் கைப்பிடியில் வைக்கச் சொல்வார்கள். மோட்டாருக்கு அது சரி. உடம்பைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு முள் திடீரென்று அறுந்தால் அவர் முகம் சட்டத்தில் போய் மோதும். பல்லையே பலமாக வையுங்கள்.

கியர்களுக்கு முழு மூடி கட்டாயம். சுழலும் இயந்திர உறுப்புகளுக்கு வேலி போட வேண்டும் என்று 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு சொன்னது. இரண்டு பேர் வேலை செய்யும் வீட்டுப் பட்டறை அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை, ஆனால் சேலைத் தலைப்புக்கு அந்த வேறுபாடு தெரியாது. கையால் சுற்றுவதுதானே, நிறுத்திவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஒருவர் சுற்ற மற்றொருவர் பட்டையைச் செலுத்தும்போது, விரல் போனது சுற்றுபவருக்குத் தெரியும் முன் கால் சுற்று முடிந்திருக்கும். உருளை வாய்க்கு முன்னால் பட்டை மட்டும் நுழையும் அளவுக்குப் பிளவுள்ள ஒரு தகடு வைத்து, பட்டையை இடுக்கியால் செலுத்துங்கள்.

கடைசியாக இணைப்புத் தகடுகள். உருளைக் கியருக்கும் இடைக் கியருக்கும் மைய தூரம் 61.5 மி.மீ., இரண்டு இடைக் கியர்களுக்கும் நடுவில் 72. பற்களுக்குக் கொஞ்சம் ஆட்டம் வேண்டும் என்பதால் வரைபடத்தில் 61.6, 72.1 என்று எழுதிக் கொடுங்கள். கீழ் உருளை அச்சுக்கும் சட்டத்தில் ஊன்றும் முளைக்கும் அதே 61.6தான். ஒவ்வொரு ஜோடித் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவ்விப் பிடித்து ஒரே அமைப்பில் துளையிட்டு, துளையைத் துல்லியமாக்கும் ரீமர் ஓட்டச் சொல்லுங்கள். தனித்தனியாகத் துளையிட்டால் இரண்டு தகட்டின் தூரமும் ஒத்துவராது, முளை சாய்ந்து பல் ஒரு ஓரத்தில் மட்டும் தேயும். கியர்கள் வந்ததும் உருளைகளை மாட்டும் முன்பே இந்த நான்கையும் தகடுகளோடு கோத்து, மேல் அச்சை 5 மி.மீ. ஏற்றி இறக்கி, கையால் சுற்றிப் பாருங்கள். எந்த உயரத்திலாவது இறுகினால் தகட்டைத்தான் திருத்த வேண்டும், பல்லை அரத்தால் தொடாதீர்கள்.